இல்லத்தில் ஒரு குழந்தை இறந்த பிறகு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆதரவில்லாத குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றில் தன்னார்வலர்களை ஒருங்கிணைக்கும் வேலையைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். எங்களிடம் வரும் குழந்தைகளில் சிலர் வரும்போதே நோயோடு வருகிறார்கள். எல்லோரும் பிழைப்பதில்லை. ஒவ்வொரு முறையும், பாடம் சொல்லிக்கொடுக்க வந்தவரோ ராத்திரி கூட இருந்தவரோ, யாராவது ஒருவர் தயங்கித் தயங்கி வந்து கேட்பார். கேட்பவர் மாறினாலும் கேள்வி பெரும்பாலும் அதேதான். அவற்றைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். எந்தக் குழந்தையின் பெயரையும் எழுதவில்லை. ஏன் என்பது படம் பகிர்வது பற்றிய கேள்வியில் வரும்.

நான் அவனுக்கு அம்மாவும் இல்ல, சொந்தமும் இல்ல. வாரத்துல ரெண்டு நாள் போவேன், அவ்வளவுதான். இவ்வளவு அழறது சரியா?

சரிதான். உங்கள் வாரத்தில் அது இரண்டு நாள். அந்தக் குழந்தை மீதி ஐந்து நாளும் அந்த இரண்டு நாளை எண்ணிக்கொண்டிருந்தது. வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைத் தினமும் பார்ப்பதால் சொல்கிறேன்.

உங்களைக் குழப்புவது அழுகையைவிட, "அவன் உனக்கு என்ன உறவு?" என்ற கேள்வி. அதற்குச் சொல்ல நம்மிடம் ஒரு சொல் இல்லை. லீவு கேட்க முடியாது, துக்கம் விசாரிக்கவும் யாரும் வரமாட்டார்கள். கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். சுற்றியிருப்பவர்கள் துக்கம் என்றே ஒப்புக்கொள்ளாத துக்கம் இது. ஒப்புக்கொள்ள ஆள் இல்லாததாலேயே உள்ளே தங்கிவிடுகிறது. யாராவது கேட்டால் உறவைத் தேடி அலையாமல், "நான் பார்த்துக்கிட்ட குழந்தை இறந்துடுச்சு" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரி போதும்.

இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் இல்லத்தில் முதன்முறை ஆறுதல் கூட்டம் நடத்தியபோது நிர்வாகிகளையும் தன்னார்வலர்களையும் கூப்பிட்டோம். நான்கு மாதம் ராத்திரி ராத்திரியாக அந்தப் பிள்ளைக்கு முதுகு தடவிவிட்ட ஆயாவைக் கூப்பிடவில்லை. அந்த அம்மா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது. உங்கள் இடத்தில் யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

இது எப்போ சரியாகும்? அஞ்சு கட்டம் இருக்குன்னு சொல்றாங்களே, நான் எந்தக் கட்டத்துல இருக்கேன்?

மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற அந்த ஐந்து கட்டங்களை 1969இல் எழுதியவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மருத்துவர். சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளிடம் பேசி, அவர்கள் மனம் போகும் போக்கை அவர் எழுதினார். இறந்தவருக்குப் பின்னால் உயிரோடு இருப்பவர்களுக்கும் அதையே படிக்கட்டாக்கி, அடுத்த படிக்கு ஏறினாயா என்று கேட்கிறார்கள். நீங்கள் எந்தப் படியிலும் நிற்க வேண்டியதில்லை.

1999இல் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷூட் என்ற இருவர் சொன்னதுதான் நான் கண்ணால் பார்ப்பதோடு பொருந்துகிறது. மனம் இழப்பின் பக்கம் கொஞ்ச நேரம், வாழ்க்கையின் பக்கம் கொஞ்ச நேரம் என்று ஊஞ்சலாடும் என்றார்கள். மதியம் பிள்ளைகளோடு விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, சாயங்காலம் பஸ்ஸில் அழுவீர்கள். சிரித்ததில் எந்தத் துரோகமும் இல்லை.

ஆனால் மாதக்கணக்கில் ஊஞ்சல் ஒரே பக்கம் நின்றுவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். நீடித்த துக்கத்தை உலக சுகாதார நிறுவனம் ஒரு கோளாறாகவே பட்டியலிட்டிருக்கிறது. குறைந்தது 6 மாதம் என்பது அவர்கள் சொல்லும் அளவு. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்கிறது. உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் மட்டும் எந்தக் கணக்கும் பார்க்காதீர்கள். அன்றைக்கே போய்விடுங்கள்.

மறந்துட்டு அடுத்த குழந்தையைப் பாருன்னு எல்லாரும் சொல்றாங்க. அதுதான் சரியோ?

சொல்பவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். அடுத்த குழந்தையைப் பார்க்கத்தான் வேண்டும், அதற்குப் பசிக்கும். மறக்க வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. துக்கம் முடிய வேண்டுமென்றால் இறந்தவரோடு உள்ள பிணைப்பை அறுக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் மனநல வல்லுநர்களும் நம்பினார்கள். 1996இல் டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் மூவரும் தொகுத்த ஆய்வுகள் அதை மாற்றின. குழந்தையை இழந்த பெற்றோர்கள் பலர் அந்தப் பிணைப்பை அறுக்காமலே நன்றாக வாழ்கிறார்கள் என்று அவர்கள் காட்டினார்கள். நாமும் அப்படியே இருக்கலாம்.

சரி, நினைவு வெச்சுக்கறதுன்னா என்னதான் செய்யணும்? படம் மாட்டறதா, மரம் நடறதா?

இரண்டும் செய்யலாம். அதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுத்து, அந்தக் குழந்தை உண்மையில் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். எங்களிடம் இருந்த ஒரு பையனை வைத்தே சொல்கிறேன். ஏழு வயது. பென்சில் சீவும்போது வரும் சுருள் அறுந்துபோகாமல் எவ்வளவு நீளம் வரும் என்பதுதான் அவனுக்கு உலகத்திலேயே முக்கியமான விஷயம். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஷார்ப்னரை அசைக்காமல் பென்சிலை மட்டும் திருப்புவான். நடுவில் பேசினால் ஒரு கையைக் காட்டி நிறுத்துவான். ஓரமெல்லாம் சிவப்புப் பூச்சு வளைந்து வளைந்து ஓட, அது பாவாடைக் கொசுவம் மாதிரி விரிந்து வரும். நன்றாக வந்ததை மட்டும் யாருக்காவது கொடுப்பான்.

அவன் போனதும் நாங்கள் எழுதிய இரங்கல் குறிப்பில் "எப்போதும் சிரித்த முகத்தோடு இருப்பான்" என்று இருந்தது. பொய். பாதி நாள் சிடுசிடுவென்றுதான் இருப்பான். அவன் பக்கத்தில் படுத்திருந்த பையன் அதைப் படித்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டான். அன்றைக்கே கிழித்துவிட்டு வேறு எழுதினோம். இறந்த குழந்தையைத் தேவதையாக்கினால் அது இரண்டாவது முறை காணாமல் போகிறது.

நினைவுச் சின்னம் வைப்பவர்களிடம் நான் எப்போதும் சொல்வது ஒன்று உண்டு. யானுஷ் கோர்ச்சாக் என்ற போலந்து மருத்துவர் வார்சாவில் அநாதை இல்லம் நடத்தியவர். தப்பிக்க வழி கிடைத்தும் மறுத்து, 1942 ஆகஸ்டில் ஏறக்குறைய 200 குழந்தைகளோடு தானும் நாஜிகளின் டிரெப்ளிங்கா கொலைமுகாமுக்குப் போனார். அங்கே இப்போது ஆயிரக்கணக்கான கற்கள் நட்டிருக்கிறார்கள். தனி மனிதர் ஒருவரின் பெயர் உள்ள கல் அவருடையது மட்டும்தான். அதில் அவர் பெயருக்குப் பின்னால் "குழந்தைகளும்" என்று இருக்கிறது. அவ்வளவு பெரிய மனிதரின் கல்லிலேயே பராமரித்தவருக்குப் பெயர் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பன்மைதான் கிடைத்திருக்கிறது. அந்தப் படுகொலையின் அளவு அப்படி, வேறு வழி இருந்திருக்காது. நமக்கு வழி இருக்கிறது. கல்வெட்டானாலும் நோட்டுப் புத்தகமானாலும் முதலில் குழந்தையின் பெயர் வரட்டும், நன்கொடையாளர் பெயர் கீழே வரட்டும்.

குழந்தையோட சரியான பேரே தெரியாது. வந்து மூணு நாள்ல போயிடுச்சு. என்னன்னு எழுதறது?

நீங்கள் கூப்பிட்ட பெயரை எழுதுங்கள். "நாங்கள் இப்படிக் கூப்பிட்டோம்" என்று அடியில் குறித்துவிடுங்கள். 1989இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு, பிறந்த உடனே பதிவும் பெயரும் பெறும் உரிமையைச் சொல்கிறது. ஆனால் உலகத்தில் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளில் சுமார் 15 கோடிப் பேரின் பிறப்பு எங்கேயும் பதிவாகவில்லை என்று யுனிசெஃப் 2024இல் கணக்கிட்டது. அப்படி ஒரு குழந்தை இறந்தால் அது இருந்ததற்கே எழுத்துச் சான்று உங்கள் பதிவேடு மட்டும்தான். வந்த தேதி, போன தேதி, எடை, என்ன உடுத்தியிருந்தது, எதற்குத் திரும்பிப் பார்த்தது, எல்லாவற்றையும் எழுதுங்கள். என்றைக்காவது ஒரு அக்காவோ அண்ணனோ தேடி வரலாம்.

மத்த பிள்ளைங்க கேக்கறாங்க. ஊருக்குப் போயிட்டான்னு சொல்லி வெச்சிருக்கோம். தப்பா?

தப்பு. இதில் மட்டும் நான் கறாராகத்தான் பேசுவேன். இல்லத்துக் குழந்தைகளில் பலரை யாரோ ஒருவர் "ஊருக்குப் போயிட்டு வர்றேன்" என்று சொல்லித்தான் விட்டுவிட்டுப் போயிருப்பார். அதே வார்த்தையை நாமும் சொன்னால், போனவன் தன்னிடம் சொல்லாமல் போய்விட்டான், தன்னைப் பிடிக்கவில்லை என்றுதான் அந்தப் பிள்ளை எடுத்துக்கொள்ளும். "தூங்கிட்டான்" என்று சொன்னால் அன்றைக்கு ராத்திரி படுக்கப் பயப்படும்.

"இறந்துட்டான்" என்ற சொல்லையே சொல்லுங்கள். இறந்தால் திரும்பி வர முடியாது, உடம்பு வேலை செய்யாது, வலிக்காது, எல்லோருக்கும் ஒருநாள் நடக்கும் என்ற இவற்றைப் பெரும்பாலான குழந்தைகள் ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் புரிந்துகொள்கிறார்கள் என்று 1984இல் ஸ்பீஸ், பிரெண்ட் என்ற ஆய்வாளர்கள் தொகுத்துக் காட்டினார்கள். அதைவிடச் சின்னப் பிள்ளை நாளைக்கும் "எப்போ வருவான்?" என்று கேட்கும். நாளைக்கும் அதே பதிலைச் சலிக்காமல் சொல்ல வேண்டும். எதனால் இறந்தான் என்பதையும் சொல்லுங்கள்: "அவன் இதயத்துல பெரிய கோளாறு இருந்துச்சு. சாதாரண காய்ச்சல்ல இப்படி ஆகாது." இல்லாவிட்டால் அடுத்த முறை தும்மல் வந்தாலே தான் சாகப்போவதாக நினைப்பார்கள். நேற்றுச் சண்டை போட்டு "செத்துப் போ" என்று சொன்ன பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும். அதைத் தேடிப் பிடித்து, நீ சொன்னதால் நடக்கவில்லை என்று காதோடு சொல்லுங்கள்.

அவர்கள் ஐந்து நிமிடம் அழுதுவிட்டு விளையாட ஓடினால் கல்நெஞ்சம் என்று நினைக்காதீர்கள். மேலே சொன்ன ஊஞ்சல் பிள்ளைகளுக்கு இன்னும் வேகமாக ஆடும்.

அவன் கட்டில், பை எல்லாம் எப்போ எடுக்கறது?

பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருக்கும்போது எடுத்துவிடாதீர்கள். திரும்பி வந்து பார்த்தால் கட்டில் இருக்காது என்றால், தாங்கள் போனாலும் இப்படித்தான் துடைத்து எடுத்துவிடுவார்கள் என்று படும். சில நாள் அப்படியே விட்டுவிட்டு, அவர்களையும் கூட வைத்து மடித்து எடுங்கள். ஒவ்வொருவரும் ஒரு பொருள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால் சரி என்று சொல்லுங்கள், பெற்றவர்கள் யாரும் இல்லாதபட்சத்தில்.

பெத்தவங்க இருக்காங்க, ஆனா வந்து பார்த்ததே இல்ல. இப்போ மட்டும் வந்து அழறாங்க. கோபமா வருது.

வரத்தான் செய்யும். அதை அவர்கள் முன்னால் காட்டாதீர்கள். ஒரு பிள்ளையை இல்லத்தில் விடும் வீட்டில் என்ன நடந்தது என்பது நமக்குப் பாதிதான் தெரியும். பல இடங்களில் வறுமையும் நோயும்தான் காரணம், பாசம் இல்லாமல் இல்லை. அடக்கம் எப்படி, யார் முன்னால் நிற்பது, பொருட்கள் யாருக்கு என்பதெல்லாம் அவர்கள் முடிவு. நம்மிடம் அவர்களுக்குக் கொடுக்க ஒன்று இருக்கிறது. அவர்கள் பார்க்காத வருடங்கள் நம்மிடம்தான் இருக்கின்றன. அந்தப் பையனின் அம்மா வந்தபோது பென்சில் சுருளைப் பற்றிச் சொன்னேன். "வீட்டுல வெங்காயத் தோலை அப்படித்தான் உரிப்பான்" என்றார். அதற்குப் பிறகு எனக்கு அவர்மேல் கோபம் இல்லை.

அவன் படத்தையும் கதையையும் போட்டா நிறைய பேர் உதவுவாங்க. மத்த பிள்ளைங்களுக்குத்தானே நல்லது?

இதைக் கேட்பவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. நானே ஒருமுறை போட்டிருக்கிறேன், உதவியும் வந்தது. இன்றைக்கு வேண்டாம் என்பேன். உயிரோடு இருந்தபோது அவனிடம் நாம் கேட்கவில்லை, இனிமேல் கேட்கவும் முடியாது. முன்பு சொன்ன உடன்படிக்கையின் 16ஆம் பிரிவு குழந்தையின் அந்தரங்கத்தையும் மானத்தையும் காக்கச் சொல்கிறது. இறந்துவிட்டதால் அந்த மரியாதை குறையாது. அவனுக்குத் தம்பி தங்கை இருந்தால், நாளைக்கு அவர்கள் பள்ளிக்கூடத்தில் அந்தக் கதை அவர்களைத் துரத்தும்.

இல்லத்துக்குள் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள், சுவரில் எழுதுங்கள். வெளியே பெயரும் முகமும் வேண்டாம். இரண்டும் முரண் மாதிரி தெரியும். அவனைத் தெரிந்தவர்களுக்கு அவன் பெயர் நினைவு. தெரியாதவர்களுக்கு அது வெறும் செய்தி. நிதி வேண்டுமென்றால் என்ன நோய், என்ன செலவு, என்ன வசதி இல்லை என்று சொல்லிக் கேளுங்கள். கொடுப்பவர்கள் அதற்கும் கொடுக்கிறார்கள்.

நான் கொஞ்சம் முன்னாடியே கவனிச்சிருந்தா பிழைச்சிருப்பானோ?

என்னிடம் வரும் கேள்விகளில் இதுதான் கனமானது. "உன்மேல் தப்பில்லை" என்று உடனே சொல்லி வாயை அடைக்க எனக்கு விருப்பமில்லை.

பென்சில் சுருள் சீவிய அந்தப் பையன் ஓடி விளையாடும்போது நடுவில் சட்டென்று குந்தி உட்கார்ந்துவிடுவான். சோம்பேறித்தனம் என்று நினைத்து, "எழுந்திருடா" என்று நான் அதட்டியிருக்கிறேன். முன்பு காட்டிய ஒரு மருத்துவமனையில் சளி என்று மருந்து கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அவனுக்கு இருந்தது டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்ற பிறவி இதய நோய். அதில் நுரையீரலுக்குப் போகும் வழி குறுகியிருக்கும், இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை இருக்கும், அதனால் கெட்ட ரத்தம் நல்ல ரத்தத்தோடு கலக்கும். குந்தும்போது கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அழுந்தி, ரத்தம் நுரையீரல் பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் திரும்புகிறது. மூச்சு வாங்கிய பிள்ளை தன் உடம்பே சொல்லிக்கொடுத்த வைத்தியத்தைச் செய்துகொண்டிருந்தான். நான் எழுந்திருக்கச் சொன்னேன். உரிய காலத்தில் அறுவை சிகிச்சை கிடைத்தால் அந்த நோயுள்ள பெரும்பாலான குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களாகிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட அன்று நான் சாப்பிடவில்லை.

தெரியாமல் செய்தது வேறு, தெரிந்தும் விட்டது வேறு. எதுவாக இருந்தாலும் நடந்ததை உட்கார்ந்து வரிசையாக எழுதி, எல்லோருமாகப் பேசுங்கள். அலட்சியம் இருந்தால் அதை மேலே சொல்லியாக வேண்டும். நினைவஞ்சலி எதையும் மூடி மறைப்பதற்கான போர்வை ஆகிவிடக் கூடாது. எங்களிடம் இப்போது புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்கிறோம்: ஓடிவந்து குந்தும் பிள்ளையை, உதடும் நகமும் நீலம் பூக்கும் பிள்ளையை அதட்டாதே, இதய மருத்துவரிடம் கூட்டிப் போ. அவன் பெயரைச் சொல்லித்தான் அதைச் சொல்லிக்கொடுக்கிறோம்.

அந்தப் பொண்ணு ரொம்ப நாள் கஷ்டப்பட்டா. போனப்போ எனக்கு ஒரு நிம்மதி வந்துச்சு. வெளிய சொல்லவே கூசுது.

வலி நின்றதில் வந்த நிம்மதி அது. நீண்ட நோயில் கூட இருந்தவர்கள் பலருக்கும் வரும், சொல்லமாட்டார்கள். உங்களுக்கும் களைப்பு இருந்தது. அந்த நிம்மதியும் பாசத்தோடு சேர்ந்ததுதான்.

திரும்ப அங்க போக முடியல. வாசல் வரைக்கும் போயிட்டு வந்துட்டேன்.

கொஞ்ச நாள் போகாமல் இருங்கள். மற்றவர்களின் துன்பத்தைச் சுமந்து சுமந்து மரத்துப்போவதற்குப் பரிவுச் சோர்வு என்று பெயர். 1992இல் கார்லா ஜாயின்சன் செவிலியர்களைப் பற்றி எழுதும்போது அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார், சார்ல்ஸ் ஃபிக்லி அதை விரிவாக ஆராய்ந்தார். எதையும் உணராமல் வேலை மட்டும் செய்வது, சின்ன விஷயத்துக்கு எரிந்து விழுவது, ராத்திரி அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருவது, இவையெல்லாம் அறிகுறிகள்.

ஒரே ஒரு வேண்டுகோள். நின்றுவிடுவதாக இருந்தால் பிள்ளைகளிடம் நேரில் சொல்லிவிட்டு நில்லுங்கள். ஒரு மரணத்துக்குப் பின்னாலேயே நீங்களும் காணாமல் போனால் அவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். வாசலைத் தாண்ட முடியாவிட்டால் ஒரு கடிதமாவது எழுதுங்கள், நான் படித்துக் காட்டுகிறேன்.

புதுசா வந்திருக்கிற பையன் அப்படியே அவனாட்டமே இருக்கான். அவன்மேல தனிப் பாசம் வருது.

வருவது இயல்பு. அதை யாரிடமாவது சொல்லிவிடுங்கள், மனதிலேயே வைத்துக்கொண்டு அவனுக்கு மட்டும் கூடுதலாகச் செய்யாதீர்கள். இறந்தவனின் பெயரால் அவனைக் கூப்பிடாதீர்கள், அவன் சட்டையைப் போட்டுவிடாதீர்கள். புதியவனுக்கு எது பிடிக்காது என்று கண்டுபிடிக்கப் பாருங்கள். பிடிக்காதவை தெரியத் தெரிய அவன் தனி ஆளாகிவிடுவான்.

வருஷா வருஷம் ஒரு நாள் வெக்கணுமா?

பிள்ளைகள் கேட்டால் வையுங்கள். டிசம்பர் இரண்டாவது ஞாயிறு இரவு 7 மணிக்கு, இறந்த குழந்தைகளுக்காக உலகமெங்கும் மெழுகுவர்த்தி ஏற்றும் வழக்கம் 1997இல் இருந்து நடக்கிறது. குழந்தையை இழந்த பெற்றோர்களின் அமைப்பு ஒன்று தொடங்கியது அது. பிறந்த தேதி தெரியாத, இறந்த தேதியை நினைக்க விரும்பாத குழந்தைக்கு அப்படி ஒரு பொது நாள் வசதி.

அஞ்சு வருஷம் ஆச்சு. முகம் மங்கலாயிட்டு வருது. குரல் சுத்தமா போயிடுச்சு. நான் மறந்துட்டேனா?

எனக்கும் குரல் போய்விட்டது. "நாளைக்கு நீங்க வருவீங்களா?" என்று அவன் தினமும் கேட்ட வார்த்தைகள் இருக்கின்றன, குரல் இல்லை. ஞாபகம் அப்படித்தான் தேயும். பாசம் தேய்ந்ததற்கு அது அடையாளம் இல்லை. முகத்தை நேராகத் தேடாதீர்கள், அந்தக் குழந்தையின் கை செய்த வேலையைத் தேடுங்கள். எப்படி நடந்தது, எதைப் பார்த்து முகம் சுளித்தது என்று கூட இருந்தவர்களிடம் கேளுங்கள். ஒருவரிடம் இல்லாதது இன்னொருவரிடம் இருக்கும். வளர்ந்து வெளியே போன பிள்ளைகளிடம் இன்னும் அதிகமாக இருக்கும்.

அவன் எனக்குக் கொடுத்த சுருளை நோட்டுப் பக்கத்துக்குள் வைத்திருந்தேன். மூன்றாவது வருடம் பிரித்துப் பார்த்தபோது பொடிந்து, சிவப்பு ஓரம் மட்டும் துண்டு துண்டாகத் தாளில் ஒட்டிக்கொண்டிருந்தது. போன மாதம் அவன் கட்டிலுக்கு அடுத்த கட்டிலில் படுத்திருந்த பையன் வந்தான், இப்போது மீசை முளைத்திருக்கிறது. பேசிக்கொண்டே மேஜையில் கிடந்த பென்சிலை எடுத்தான். ஷார்ப்னரை அசைக்காமல் பென்சிலை மட்டும் திருப்பிச் சீவ ஆரம்பித்தான். நான் ஏதோ கேட்கப் போனேன். ஒரு கையைக் காட்டி நிறுத்தினான்.